டேப்பர் அடிக்கும் லேத்தும் நான் செய்த திருட்டுத்தனமும்

முதல்லயே சொல்லிடறேன், இது மெஷின் பதிவு. நம்ம மக்கள்ல முக்கால்வாசிப் பேர் பொட்டி தட்டறவங்க. லேத் என்பது காலேஜ் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வருஷம் காக்கிச்சட்டை மாட்டிக்கிட்டுப் பார்த்ததோட சரி. அவங்களுக்காக நாலு வரி. லேத்தில் இடது கைப்பக்கம் இருக்கிற பெரிய பெட்டிதான் ஹெட்ஸ்டாக். அதுக்குள்ள சுத்துவது ஸ்பிண்டில், அதன் மூக்கில் சக். சக் பிடித்திருக்கும் இரும்பு சுத்தும்; டூல் கேரேஜ் மேல உக்காந்துக்கிட்டு பெட் மேல நேர்கோட்டில் நகரும். சுத்துற அச்சும், டூல் நகர்ற கோடும் இணையா இருந்தா உருளை வரும். இல்லைன்னா ஒரு முனை பருத்து, மறு முனை சிறுத்து கேரட் மாதிரி வரும். அதுக்குப் பேர் டேப்பர். இந்தப் பதிவு முழுக்க அந்த கேரட்டைப் பத்தித்தான் :-)

நான் ஜெர்மனியில் மெக்கானிக்கல் மாஸ்டர்ஸ் படிக்கிறேன். தீசிஸுக்காக பேரிங் சோதிக்கிற சின்ன ரிக் ஒண்ணு செய்யணும். முக்கியமா ரெண்டே பாகம். 30 மி.மீ. தண்டு ஒண்ணு, அது உக்கார்ற ஹவுசிங் ஒண்ணு. பேரிங் 6206, அதாவது உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, அகலம் 16. தண்டில் பேரிங் உட்காரும் இடத்துக்கு கே6 டாலரன்ஸ் போட்டிருந்தேன். 30 மி.மீ.க்கு மேல் 2 மைக்ரானில் ஆரம்பிச்சு 15 மைக்ரானுக்குள்ள நிக்கணும். மொத்தமே 13 மைக்ரான் இடைவெளி. இதையெல்லாம் கிரைண்டிங்குக்கு அனுப்பணும்தான். ஆனா அந்த மெஷினுக்கு முன்னால பெரிய வரிசை, எனக்கோ தேதி நெருங்குது. லேத்திலேயே முடிச்சு, கடைசி ரெண்டு மைக்ரானை எமரி பேப்பரில் தேய்ச்சுக்கலாம்னு இறங்கிட்டேன்.

தண்டை சக்கில் பிடிச்சு, மறு முனைக்கு டெயில்ஸ்டாக் சென்டர் கொடுத்து ஒரு கட் ஓட்டினேன். அளந்தா டெயில்ஸ்டாக் பக்கம் 0.05 மி.மீ. தடிமன் அதிகம். எனக்கு இது ஒண்ணும் புதுசில்ல. அப்பா கோயமுத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்தவர். டேப்பர் வந்தா டெயில்ஸ்டாக்கோட பக்கவாட்டு ஸ்குரூவைத் திருகி, பாதி அளவுக்கு நகர்த்தி, அடுத்த கட்டில் சரி பண்ணுவார். சின்ன வயசில் பக்கத்தில் நின்னு நூறு தடவை பார்த்திருக்கேன். நானும் அதையே செஞ்சேன். டெயில்ஸ்டாக்கை 0.025 மி.மீ. என் பக்கம் இழுத்தேன். அடுத்த கட்டில் தண்டு அம்சமா வந்தது. மெஷினைத் துடைச்சிட்டு, ரூமுக்குப் போய் ரசம் வச்சு சாப்பிட்டுத் தூங்கிட்டேன். டெயில்ஸ்டாக்கை நகர்த்தினதை யார்கிட்டயும் சொல்லலை, லாக் புக்கில் எழுதவும் இல்லை. திருட்டுத்தனம்னு தலைப்பில் சொன்னது இதைத்தான்.

அடுத்த வாரம் ஹவுசிங். 62 மி.மீ. துளை, ஆழம் 90. போரிங் வேலைக்கு டெயில்ஸ்டாக்கே கிடையாது, சக் மட்டும்தான். முடிச்சுட்டு போர் கேஜ் விட்டுப் பார்த்தா வாய்ப்பக்கம் 0.025 அகலம். எச்7 டாலரன்ஸுக்கு மொத்த இடமே 0.030தான், அதில் முக்கால்வாசியை டேப்பரே தின்னுட்டா மிச்சத்துக்கு எங்க போறது? ஆழத்துப் பக்கம் சரியா இருந்தா வாய்ப்பக்கம் எல்லை தாண்டிடுச்சு. நான் வாங்கி வச்சிருந்தது ரெண்டே ரெண்டு பிளாக். ஒண்ணு காலி.

டெயில்ஸ்டாக்கே இல்லாத வேலையில் டேப்பர் வந்தா, குற்றவாளி டெயில்ஸ்டாக் இல்லை. இது எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். உறைக்கலை, உறைக்கிறதுக்கு இன்னொருத்தர் நஷ்டப்பட வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் பக்கத்து லேப் பையன் 8 புஷ்ஷை மேஜையில் அடுக்கி வச்சுக்கிட்டு நிக்கிறான். எல்லாத்திலும் 16 மி.மீ. ரீமர் போட்ட துளை. பிளக் கேஜில் உள்ளே போகக்கூடாத பக்கம் எட்டிலும் ஜம்முன்னு உள்ள போகுது. ரீமரைப் பிடிச்சிருந்தது நான் நகர்த்தி வச்ச டெயில்ஸ்டாக். ஸ்பிண்டில் ஒரு அச்சில் சுத்த, ரீமர் இன்னொரு அச்சில் நின்னா துளை பெருசாகாம என்ன செய்யும்?

எங்க ஒர்க்‌ஷாப்பை ஒரு மைஸ்டர் பார்த்துக்கறார். இங்கே மைஸ்டர் என்பது சும்மா மரியாதைக்குச் சொல்றதில்லை, பரீட்சை எழுதி வாங்குற தகுதி. ரிட்டையராக கொஞ்ச காலம்தான் இருக்கு. அவர் எட்டு புஷ்ஷையும் ஒவ்வொண்ணா பார்த்தார். டெயில்ஸ்டாக்கைப் பார்த்தார். "இதை யார் தொட்டீங்க?" என்று பொதுவா கேட்டார். அஞ்சாறு பேர் இருந்தோம். நான் வாயைத் திறக்கலை. மத்தியானம் சோறு இறங்கலை. ரெண்டு மணிக்கு அவர் ரூமுக்குப் போய் நான்தான்னு சொன்னேன். திட்டுவார்னு எதிர்பார்த்தா, "எதுக்காக நகர்த்தினீங்க?"ன்னு கேட்டார். தண்டு, ஹவுசிங் ரெண்டு கதையையும் சொன்னேன். ஹவுசிங் கதையைக் கேட்டதும்தான் மனுஷன் நிமிர்ந்து உக்காந்தார். "அப்படின்னா டெயில்ஸ்டாக் ஸ்பிண்டிலுக்கு நேராத்தான் இருந்திருக்கு. ஸ்பிண்டில்தான் பெட்டுக்கு நேரா இல்லை"ன்னார்.

நான் உடனே, "ஹெட்ஸ்டாக் போல்ட்டைத் தளர்த்திப் பார்க்கலாமா?"ன்னு கேட்டேன். அவர் பார்த்த பார்வை இருக்கே... இருக்கறதிலேயே கடைசியாத் தொட வேண்டியது அதுதானாம்.

முதல்ல அளவெடுக்கணும். அரை மணி நேரம் ஸ்பிண்டிலை ஓடவிட்டோம். ஹெட்ஸ்டாக் சூடானா உள்ளேயிருக்கிற இரும்பும் கொஞ்சம் வளரும். காலங்காத்தால ஜில்லுன்னு இருக்கும்போது எடுத்த அளவும், மத்தியானம் எடுத்த அளவும் ஒத்துப்போகாது. அப்புறம் ஒரு ஸ்டீல் பாரை சக்கில் பிடிச்சு, டயல் கேஜை கேரேஜ் மேல வச்சு, முள் பாரின் முன்பக்கத்தில், சென்டர் உயரத்தில் தொடுற மாதிரி அமைச்சோம். பார் நேரா இருக்கணும்னு அவசியமே இல்லை, விட்டம் எங்கேயும் ஒரே அளவா இருந்தா போதும். ஏன்னா, வளைஞ்ச பாரா இருந்தாலும் அது சுத்துறது ஸ்பிண்டில் அச்சைச் சுத்தித்தான். ஒரு சுத்தில் வர்ற அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் கூட்டி ரெண்டால வகுத்தா அச்சு இருக்கிற இடம் கிடைச்சிடும். இங்கிலீஷ்காரங்க இதுக்கு 'ரோலியோட அப்பா முறை'ன்னு பேர் வச்சிருக்காங்க. மைஸ்டருக்கு அந்தப் பேர் தெரியாது, ஆனா முப்பது வருஷமா அதைத்தான் செய்யறாராம். சக் பக்கம் சராசரி 0.03 வந்தது. 150 மி.மீ. தள்ளி, ஒரு தடவை 0.08, இன்னொரு தடவை மைனஸ் 0.06. சராசரி 0.01. அதாவது 150 மி.மீ. தூரத்தில் அச்சு 0.02 மி.மீ. பின்பக்கமா, டூலை விட்டு விலகிப் போகுது.

இது ஒரு ஜோசியம் மாதிரி, வெட்டிப் பார்த்தாத்தான் உறுதி. அதுக்கு ரெண்டு காலர் சோதனை. 40 மி.மீ. ஸ்டீல் பாரை சக்கிலிருந்து 200 மி.மீ. வெளியே நீட்டிப் பிடிக்கணும், டெயில்ஸ்டாக் கூடாது. நடுவில் பள்ளமா கடைஞ்சுட்டு, சக் பக்கம் ஒரு காலர், நுனியில் ஒரு காலர் மட்டும் விடணும். நல்ல கூரான டூல், 0.1 மி.மீ. கட், மெதுவான ஃபீட். ரெண்டு காலரையும் ஒரே ஓட்டத்தில் வெட்டணும். நடுவில் கிராஸ் ஸ்லைடைத் தொட்டா எல்லாம் வீண். நீட்டிப் பிடிச்ச பார் வளையாதான்னு எனக்கு சந்தேகம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். டூல் 20 நியூட்டன் விசையில் தள்ளினா ஸ்டீல் பார் நுனியில் சுமார் 2 மைக்ரான்தான் வளையும். அலுமினியமா இருந்தா மூணு மடங்கு. அதனாலதான் வெட்ட சுலபமா இருந்தாலும் அலுமினியம் வேண்டாம்னாராம்.

மைக்ரோமீட்டரில் சக் பக்கக் காலர் 38.412. நுனிக் காலர் 38.454. வித்தியாசம் 0.042, ஆரத்தில் பாதி 0.021. டயல் கேஜ் சொன்னதும் அதேதான்.

இப்பவாவது ஹெட்ஸ்டாக்கா? இல்லை. மைஸ்டர் ஒரு மரப்பெட்டியைத் திறந்து, துணி சுத்தி வச்சிருந்த ஸ்பிரிட் லெவலை எடுத்தார். நம்ம கொத்தனார் வச்சிருக்கிறது இல்லைங்க. ஒரு கோடு நகர்ந்தா மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வுன்னு அர்த்தம். பக்கத்தில் நின்னு மூச்சு விட்டா, கைச்சூட்டுக்கே குமிழ் நகருது. அதை பெட்டுக்குக் குறுக்கே, ஹெட்ஸ்டாக் பக்கத்தில் வச்சு குமிழ் நிக்கிற இடத்தைக் குறிச்சுக்கிட்டோம். அப்படியே திருப்பாம டெயில்ஸ்டாக் பக்கம் கொண்டுபோய் வச்சா, குமிழ் ஓடிப்போய் ஓரத்தில் முட்டிக்கிச்சு. முன்பக்கம் தாழ்வு. லெவலோட முன் முனைக்கடியில் 0.10 பீலர் கேஜ் தகட்டைச் செருகினதும் பழைய இடத்துக்கு வந்தது. லெவல் நீளம் 200 மி.மீ., அதில் 0.10 என்றால் மீட்டருக்கு அரை மி.மீ.! பெட் முறுக்கிக்கிட்டு நிக்குது, பிழிஞ்ச துணி மாதிரி.

இங்கே நான் முட்டாள்தனமா நம்பிக்கிட்டு இருந்த ஒண்ணு உடைஞ்சது. அத்தனை கனமான வார்ப்பிரும்பு முறுங்காதுன்னு நினைச்சிருந்தேன். நாலு கால்ல ஒண்ணு மேடேறினா போதும், போல்ட்டை இறுக்க இறுக்க அது முறுங்கும். முறுங்கின பெட் மேல கேரேஜ் போகப்போக முன்பக்கமா சாயும், சாஞ்சா டூல் அச்சை விட்டு விலகும். எவ்வளவு? ரெண்டு இடத்துக்கும் இடையில் 800 மி.மீ. தூரத்தில் மீட்டருக்கு 0.5 சாய்வு. சோதனை பாரோட 150 மி.மீ.யில் அதில் பங்கு மீட்டருக்கு 0.094. எங்க லேத்தோட சென்டர் உயரம் 165 மி.மீ., அந்த உயரத்தில் இது 0.0155 மி.மீ. நகர்வு, விட்டத்தில் 0.031. நாங்க அளந்த 0.042-ல முக்கால் பங்கு இந்த முறுக்கலோட வேலை. அன்னைக்கு நான் ஆர்வக்கோளாறில் ஹெட்ஸ்டாக்கைத் திருப்பி இந்த 0.042-ஐ அழிச்சிருந்தா, பெட்டோட கோணலுக்கு ஹெட்ஸ்டாக்கையும் கோணலாக்கியிருப்பேன். சக் பக்கத்தில் நல்லா வெட்டும். நீளமான வேலை வந்தா இன்னொரு கேரட் கிடைச்சிருக்கும்.

காரணமும் கிடைச்சது. போன கோடையில் தரைக்கு புது எபாக்ஸி பூச்சு போட மெஷினைத் தூக்கி வச்சு, திரும்ப இறக்கியிருக்காங்க. டெயில்ஸ்டாக் பக்கத்துப் பின்காலுக்கடியில் காஞ்சு போன எபாக்ஸிக் கட்டி ஒண்ணு. அதை உளியால கொத்தி எடுத்துட்டு, கால் ஸ்குரூவைத் திருகி, ரெண்டு பக்கமும் குமிழ் ஒரே கோட்டில் நிக்கிற வரைக்கும் சரி பண்ணோம். சொல்றப்ப ஒரு வரி, செய்யறப்ப மூணு மணி நேரம். ஒரு காலைத் திருகினா மத்த மூணும் கோவிச்சுக்குது. ராத்திரி அப்படியே விட்டுட்டு காலையில் வந்து பார்த்தா ஒரு கோடு நகர்ந்திருந்தது. இரும்பு தூங்கி எந்திரிச்சு சோம்பல் முறிக்குதுன்னு நினைச்சுக்கிட்டேன். திரும்பவும் ஒரு திருகு.

மறுபடி ரெண்டு காலர். வித்தியாசம் 0.012. கணக்குப்படி 0.011 மிச்சம் இருக்கணும், அதேதான்.

இப்ப மிச்சமிருக்கிறது ஹெட்ஸ்டாக்கோட பங்கு. ஆரத்தில் 0.006, 150 மி.மீ.க்கு. 300 மி.மீ.க்கு 0.012. இதைத் தொடணுமா, விட்டுடலாமா? நான் விட்டுடலாம்னேன், ஏன்னா அளவு சின்னது. அதுக்கு மைஸ்டர் சொன்ன பேர் ஷ்லேசிங்கர். 1904-ல் பெர்லின் சார்லோட்டன்பர்க்கில் மெஷின் டூல்களுக்குன்னே உருவான பேராசிரியர் பதவிக்கு முதல்ல வந்தவர் கேயார்க் ஷ்லேசிங்கர். லேத்தோ மில்லிங்கோ, புதுசா வந்த மெஷினை எப்படிச் சோதிச்சு வாங்கணும்னு 1927-ல் அட்டவணை அட்டவணையா ஒரு புத்தகம் போட்டார். யூதர் என்பதால் 1933-ல் நாஜிகள் கைது செய்தாங்க. வெளியே வந்து நாட்டை விட்டே போனவர், 1949-ல் இங்கிலாந்தில் இறந்தார். துரத்தின நாட்டிலேயே இன்னிக்கும் மெஷினைச் சோதிக்கறப்ப அவர் பேரைத்தான் சொல்றாங்க. அந்த அட்டவணைகளில் இருந்து வந்த வழக்கத்தில், ஸ்பிண்டில் அச்சுக்கு எவ்வளவு கோணல் அனுமதின்னு சொல்றதோட, எந்தப் பக்கமா கோணலாகலாம்னும் இருக்கு. நுனி மேல்பக்கமா போகலாம், டூல் பக்கமா வரலாம். கீழேயும் போகக்கூடாது, டூலை விட்டு விலகவும் கூடாது. வேலையோட கனம் நுனியைக் கீழே இழுக்கும், டூல் அதைப் பின்னால தள்ளும். ரெண்டுக்கும் எதிர்ப்பக்கமா ஒரு துளி சாஞ்சிருந்தா, வேலை நடக்கறப்ப நேராகும். எங்க ஹெட்ஸ்டாக்கோ பின்பக்கமா சாஞ்சு கிடக்கு. வெட்டறப்ப இன்னும் கூடத்தான் விலகும். அளவு சின்னதுதான், பக்கம் தப்பு.

மேல் கீழ் கோணலைப் பத்தி நான் கவலைப்பட்டப்ப அவர் கண்டுக்கவே இல்லை. அதுக்கும் காரணம் இருக்கு. 20 மி.மீ. ஆரமுள்ள வேலையில் அச்சு 0.1 மி.மீ. மேலேயோ கீழேயோ தள்ளியிருந்தாக்கூட விட்டத்தில் வர்ற வித்தியாசம் அரை மைக்ரான்தான். பித்தாகோரஸ் தேற்றத்தில் போட்டுப் பாருங்க. அதே 0.1 பக்கவாட்டில் போனா விட்டத்தில் 0.2! ஒரே கோணல், திசை மாறினா நானூறு மடங்கு.

ஒருவழியா ஹெட்ஸ்டாக். எங்க லேத்தில் அது தட்டையான தளத்தில் உக்காந்திருக்கு, நாலு போல்ட் பிடிச்சிருக்கு, பின்னால தள்ளுறதுக்கு எதிரெதிரா ரெண்டு ஸ்குரூ. எல்லா லேத்தும் இப்படி இல்லை. நிறைய லேத்தில் ஹெட்ஸ்டாக் பெட்டோட 'வி' வழியிலேயே உக்காந்திருக்கும். அதில் திருப்ப ஒண்ணுமே கிடையாது, சுரண்டித்தான் சரி பண்ணணும். அதனால ஸ்பேனரை எடுக்கிறதுக்கு முன்னால அடியில் குனிஞ்சு பாருங்க. எங்களுக்கு வேண்டியது மீட்டருக்கு 0.04 திருப்பம். ஹெட்ஸ்டாக் நீளம் 300 மி.மீ., அதனால மூக்கு நிக்க, இடது முனை 0.012 மி.மீ. பின்னால போகணும். பெல்ட்டைத் தளர்த்தினோம், இல்லாட்டி அது ஒரு பக்கமா இழுக்கும். நாலு போல்ட்டையும் முழுசா விடாம, பிடிச்சும் பிடிக்காம வச்சோம். இடது முனையில் டயல் கேஜ். ஸ்குரூவைத் திருகினேன். திருகினேன். ஒண்ணும் நடக்கலை. இன்னும் கொஞ்சம். 'டக்'குன்னு 0.03 தாவிடுச்சு. திருப்பிக் கொண்டுவந்து 0.012-ல் நிறுத்தி போல்ட்டை இறுக்கினா, இறுக்கற வேகத்தில் 0.02 வேற பக்கம் போயிடுச்சு. ரெண்டாவது தடவையும் அதேதான். மூணாவது தடவை மைஸ்டர் ஸ்பேனரை வாங்கிக்கிட்டார். குறுக்கு மறுக்கா, ஒவ்வொரு போல்ட்டுக்கும் கால் திருகு, ஒவ்வொரு திருகுக்கும் டயலைப் பார்க்கறது. முள் அசையவே இல்லை.

காலர் வெட்டினோம். இப்ப நுனி 0.004 மெலிசு. அச்சு ரெண்டு மைக்ரான் டூல் பக்கமா வந்திருக்கு. "இதுக்கு மேல கை வச்சா கையை வெட்டிடுவேன்"ங்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரிச்சார்.

மிச்சமிருந்தது டெயில்ஸ்டாக். நான் தள்ளினதை நானே சரி பண்ணணும்னுட்டு அவர் காபி குடிக்கப் போயிட்டார். அதே பாரை ரெண்டு சென்டருக்கு நடுவில் பிடிச்சு, காலர் ரெண்டும் ஒரே அளவா வர்ற வரைக்கும் ஸ்குரூவைத் திருகினேன். லாக் புக்கில் தேதி போட்டு, போன தடவை எழுதாததையும் சேர்த்து எழுதினேன். பக்கத்து லேப் பையனோட எட்டு புஷ்ஷையும் ராத்திரி எட்டு மணி வரைக்கும் உக்காந்து புதுசா கடைஞ்சு கொடுத்தேன். அவன் பிளக் கேஜை ஒவ்வொண்ணா விட்டுப் பார்த்துட்டு, பதில் பேசாம ஒரு சாக்லேட்டை மேஜையில் வச்சுட்டுப் போனான்.

மிச்சமிருந்த ஒரே பிளாக்கை அடுத்த நாள் போரிங் பண்ணேன். வாய்க்கும் ஆழத்துக்கும் 0.003.

ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு போன் போட்டேன். கதையெல்லாம் கேட்டுட்டு, "லெவல் பாக்காம டெயில்ஸ்டாக்கையா தள்ளுனே?"ன்னார்.

"நீங்களும் அப்படித்தானேங்ப்பா தள்ளுவீங்க?"

"நாந் தள்ளுறது அந்த ஒரு வேலைக்குத்தான் கண்ணு. சாயங்காலம் பட்டறையப் பூட்டறதுக்கு முன்னால திருப்பி வெச்சுட்டுத்தான் வருவேன். அந்நேரத்துக்கு நீ ஊட்டுக்குப் போயிருப்பே."